நடுவர் துரைராஜுக்கு நான் கலந்த ரம்-கோலா

1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி இருபத்தைந்து நிமிடம். நான்கு மணிக்குப் பிடித்த மழை ஐந்தேகாலுக்குத்தான் விட்டிருந்தது. ஃபேரர் பார்க் திடலில் கால்பந்தாட்டம் மழைக்கு நிற்கவில்லை. துரைராஜ் அண்ணன் முழங்கால்வரை சேற்றோடு எங்கள் மதுக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. வழக்கமாக நடு மேசைக்குப் போகிறவர், அன்று நேராக நான் நின்ற மூலைக்கு வந்தார்.

அதற்குமுன் ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் ஊழியர்கள் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். இப்போதெல்லாம் மது கலக்காத பானங்களுக்குத் தனி அட்டையே இருக்கிறதாம். அதில் ஒன்றின் விலை ரம் கலந்ததைவிடக் கூடுதலாம். “அந்தக் காலத்திலேயே நீங்க இதைச் செஞ்சிருக்கீங்களாமே, எழுதிக் குடுங்க” என்று இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார்கள். நான்தான் முதல் ஆள் என்று அச்சில் போட்டுவிடாதீர்கள். முதலா, இரண்டாவதா எனக்குத் தெரியாது. செய்தது உண்மை. செய்ததைப் பெருமையாக எழுத என்னால் ஆகாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தேன். குமாஸ்தா வேலைக்கு ஆறு இடத்தில் எழுதிப்போட்டு ஒன்றும் அமையாமல், 1953இல் தேக்கா சந்தைக்கு அருகே ஒரு சிறிய ஹோட்டலின் மதுக்கூடத்தில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன். எட்டு மாதம் கழுவினேன். பிறகு ஓராண்டு எலுமிச்சை வெட்டினேன், ஐஸ் உடைத்தேன். அதற்கப்புறம்தான் புட்டியைத் தொட விட்டார்கள். பயிற்சி என்று சொல்ல வேறெதுவும் இல்லை.

தலைமை பார்மேன் மிஸ்டர் ரொசாரியோ. காத்தோங் வட்டாரத்தில் குடியிருந்த யுரேஷியர், ஐரோப்பிய-ஆசியக் கலப்புக் குடும்பம். தினமும் இரண்டு கைக்குட்டைகள் கொண்டுவருவார், ஒன்று முகத்துக்கு, ஒன்று விரல்களுக்கு. யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், கிளாஸ் கழுவிய நானும் அவருக்கு “மிஸ்டர் சாமி”தான். ஒன்பது ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தேன், ஒரு முறை கூட அவர் என்னைத் திட்டியதில்லை. நாம் கலந்தது தப்பாக இருந்தால் எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சுத்தமான காலிக் கிளாஸ் ஒன்றை நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டு வாங்கியிருந்தால் வீட்டுக்குப் போய் மறந்திருக்கலாம். அந்தக் காலிக் கிளாஸ் நம்மோடு பஸ் ஏறி வரும்.

ரம்-கோலா எங்கள் கடையில் அதிகம் போகிற சரக்கு. இரண்டு பொருளைக் கலப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். உயரமான கிளாஸ் உலர்ந்திருக்க வேண்டும். பச்சை எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, கிளாஸுக்குள் பிழிந்து, தோலையும் உள்ளேயே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் மணம் தோலில்தான் இருக்கிறது. அதன்மேல் ஐஸ் மூன்று கட்டி. பொடியாக இருந்தால் சீக்கிரம் கரைந்து நீர்த்துவிடும். பிறகு ரம் இரண்டு அவுன்ஸ். கடைசியில் கோலா, கிளாஸைச் சாய்த்து, சுவரோரமாக, நுரை அடங்க அடங்க. கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்க வேண்டும். சுழற்றினால் வாயு போய்விடும். ருசி பார்க்க வைக்கோல் குழாயை உள்ளே விட்டு, மேல்முனையை விரலால் அடைத்து எடுத்து, இரண்டு சொட்டு நாக்கில் விடுவோம். பார்மேனுக்கு அனுமதிக்கப்பட்ட குடி அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் காத்திருக்கும்போது சொல்ல பார்மேன் கையில் ஒரு கதை இருக்க வேண்டும் என்பது மிஸ்டர் ரொசாரியோவின் கொள்கை. இந்தப் பானத்துக்கு அவர் சொல்லும் கதை இது. அப்போதைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு க்யூபா ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்ட நேரம். அமெரிக்கச் சிப்பாய்கள் ஹவானாவில் முகாமிட்டிருந்தார்கள். கோலா அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்தது. ஒரு அதிகாரி உள்ளூர் ரம்மில் அதை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, கிளாஸை உயர்த்தி, “விடுதலை பெற்ற க்யூபாவுக்கு” என்றாராம். பானத்துக்கு ‘க்யூபா லிப்ரே’ என்ற பெயர் அப்படி வந்ததாம். “உண்மையா, சார்?” என்று நான் கேட்டதற்கு, “அந்த அதிகாரியின் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். ஆனால் எலுமிச்சை உண்மை” என்றார். எங்கள் வாடிக்கையாளர் யாரும் க்யூபா என்று கேட்டதில்லை. “ஒரு ரம்-கோலா, சாமி” அவ்வளவுதான்.

துரைராஜ் அண்ணன் துறைமுகத்தில் கிடங்குக் கணக்கர். ஞாயிறு, சனி, வாரநாள் மாலைகள் என்று திடலில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தார். எல்லாரும் ‘ரெஃப்ரி’ என்பார்கள். இருபது ஆண்டு ஊதியும் கோப்பை இறுதியாட்டம் ஒன்று கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஊத விட மாட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தாறு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணித் தலைவர்களும் வருவார்கள். ஜெயித்தவர் நடுவருக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பார், தோற்றவரும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பார். நடுவர் இரண்டையும் குடிக்க வேண்டும். ஒன்றைக் குடித்து ஒன்றை விட்டால், எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று தெரிந்துவிட்டதாகப் பேசுவார்கள். இரண்டிலும் ஒரே பானம், ஒரே அளவு இருக்க வேண்டும். அவர் குடித்து முடித்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு.

அன்று மூலையில் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

“சாமி, டாக்டர் ஈரல் வீங்கியிருக்குன்னுட்டாரு. இனிமே ஒரு சொட்டு கூடாதாம்.”

“அப்ப வெறும் சோடா குடிங்க அண்ணே.”

“சோடா குடிச்சா என்ன ஆகும் தெரியுமா? ரெஃப்ரிக்கு உடம்பு சரியில்லன்னு திங்கக்கிழமையே சங்கத்துக்குச் சேதி போயிரும். நாப்பத்தாறு வயசுக்காரனுக்கு உடம்பு சரியில்லன்னா, பேரை அடிச்சிட்டு வேற ஆளு. எனக்கு ஒரு ஃபைனல் வேணும்லா. ஒண்ணே ஒண்ணு. அதுவரைக்கும் நீ என்னமாச்சும் பண்ணு.”

“ரம் இல்லாம ரம்-கோலா பண்ணச் சொல்றீங்களா?”

“நீ படிச்ச பய. யோசி.”

அன்று அவர் வழக்கம்போல் இரண்டு கிளாஸ் ரம்-கோலாவையும் குடித்துவிட்டுத்தான் போனார். இரண்டு நாள் யோசித்தேன். வெறும் கோலா ஊற்றினால் பக்கத்தில் நிற்கும் தலைவனுக்குத் தெரிந்துவிடும், நாங்கள் ஊற்றுவதை எல்லாரும் பார்ப்பார்கள். புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும், ரம் நிறத்தில் இருக்க வேண்டும், தொண்டையில் கொஞ்சம் உறைக்கவும் வேண்டும். சீனியைச் சட்டியில் கருக்கி, தண்ணீர் விட்டு, இஞ்சியும் இரண்டு கிராம்பும் தட்டிப் போட்டுக் காய்ச்சி வடிகட்டினேன். காலி ரம் புட்டியில் நிரப்பி விளக்குக்கு எதிரே பிடித்தால், சரக்குக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பரிமாறும்போது கிளாஸின் விளிம்பை மட்டும் நிஜ ரம்மில் நனைத்த துணியால் துடைத்தேன். மூக்கு ரம் என்று சொல்லிவிட்டால் நாக்கு மறுத்துப் பேசாது.

மிஸ்டர் ரொசாரியோ குழாயில் இரண்டு சொட்டு எடுத்துப் பார்த்தார். “நன்றாக இருக்கிறது, மிஸ்டர் சாமி. ஆனால் இதை ரம்-கோலா என்று என் கடையில் சொல்லக்கூடாது. காசும் கோலாவுக்கு மட்டும்தான்.” அணித் தலைவர்களிடம், நடுவருக்கு வாங்குகிற கிளாஸுக்கு இனி பாதி விலை என்று அவரே சொன்னார். அவர்களுக்கு மகிழ்ச்சி. அந்தப் புட்டிக்கு எங்களுக்குள் ‘ரெஃப்ரி புட்டி’ என்று பெயர்.

பதினேழு மாதம் அந்தப் புட்டி இருந்தது.

முதல் மூன்று மாதத்தில் ஈரல் வீக்கம் வற்றிவிட்டது என்று டாக்டரே அதிசயப்பட்டாராம். அண்ணனின் மனைவி லோகநாயகி அக்கா தீபாவளிக்கு ஒரு டின் நிறைய அதிரசம் சுட்டு எனக்கு அனுப்பினார். “சாமி தம்பிதான் என் புருஷனைக் குடியிலேருந்து மீட்டது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். அண்ணன் உடம்பு இளைத்தார். தொப்பை போனது. திடலில் ஓட்டம் கூடியது என்றார்கள். ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஓட்டச் சோதனையில் தன்னைவிடப் பத்து வயது சிறியவர்கள் இருவரை முந்தினார்.

தாகம்தான் அதிகமாகிவிட்டது. இரண்டு கிளாஸ் குடித்தபின், “சாமி, நாக்கு வறளுது, இன்னொண்ணு ஊத்து” என்பார். அப்புறம் நான்காவது. ஆட்டம் இல்லாத நாளிலும் வந்து குடிப்பார். நான் சரக்கின் தரம் என்று நினைத்தேன். புட்டி சீக்கிரம் தீர்ந்ததால் கருக்கும் சீனியின் அளவைக் கூட்டினேன். ஒரு நாள் கழிப்பறை துப்புரவு செய்யும் முனியாண்டி வந்து, “என்னங்க, ஆம்பளைங்க கக்கூஸ்ல ஒரே எறும்பா மொய்க்குது, சீனித்தண்ணியை அங்கயா கொட்டுறீங்க?” என்று சத்தம் போட்டான். நானும் சட்டி கழுவிய தண்ணீர் என்று நினைத்து, இனிமேல் பின்வாசலில் கொட்டுகிறேன் என்றேன். எறும்பு ஊருக்குள் எத்தனை பேருக்கு என்ன சேதி சொல்லியிருக்கிறது. என் சொந்தச் சித்தப்பாவுக்கே மூத்திரத்தில் எறும்பு மொய்த்ததை வைத்துத்தான் வியாதியைக் கண்டுபிடித்தார்கள். படித்தவன், எனக்கு அன்று தோன்றவில்லை.

1962 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அரையிறுதி. வெயில் கடுமையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை இறுதியாட்டத்துக்குத் துரைராஜ் அண்ணன்தான் நடுவர் என்று அன்று காலையில் அறிவித்திருந்தார்கள். அவர் உள்ளே வந்தபோது நடு மேசையில் கைதட்டினார்கள்.

“ரெஃப்ரிக்கு ஃபைனல் கிடைச்சிருச்சு. இனிமே நம்மளை மதிப்பாரா?”

“உன்னை என்னைக்குடா மதிச்சேன்? ஆஃப்சைடு எதுன்னு இன்னும் தெரியல உனக்கு” என்றார் அண்ணன்.

நான் கலக்கிக்கொண்டிருந்தேன். மிஸ்டர் ரொசாரியோ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவிலிருந்து மேசைவரை வெள்ளை ஓட்டில் வலது காலின் தடம் மட்டும் சிவப்பாக விழுந்திருந்தது. திடலின் செம்மண் என்றுதான் நான் எண்ணியிருப்பேன். அவர் முகத்துக் கைக்குட்டையை எடுத்துக் குனிந்து ஒரு தடத்தைத் துடைத்து, முகர்ந்து பார்த்தார்.

“மிஸ்டர் துரை, தயவுசெய்து பூட்ஸைக் கழற்றுங்கள்.”

அந்தக் காலத்து பூட்ஸின் அடியில் தோல் குமிழ்களை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். ஒரு குமிழ் தேய்ந்து, அதன் ஆணி அடித்தோலைத் துளைத்து உள்ளே ஏறியிருந்தது. உள்ளங்காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஆழமான குழி. காலுறை ஊறிப்போயிருந்தது. முழு ஆட்டமும் அதன்மேல் ஓடியிருக்கிறார்.

“யப்பா, என்னா மனுஷன்யா. ஒரு முகம் சுளிக்கல” என்று தோற்ற அணித் தலைவன் வியந்தான். அண்ணனும் சிரித்தார். “எனக்கே தெரியாதுலா. வலிச்சாத்தானே தெரியும்.”

காயத்தில் ஊற்ற நிஜ ரம் புட்டியை எடுத்தேன். இரண்டு அவுன்ஸ் இருக்கும், சரித்து ஊற்றினேன். மற்றவன் என்றால் கூரையைத் தொட்டிருப்பான். அவர் மேசையிலிருந்த கிளாஸை எடுத்து நான் கலந்ததைக் குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸ் விளிம்பில் துடைத்ததை விட்டுவிட்டால், பதினேழு மாதம் கழித்து அவர் உடம்பில் பட்ட முதல் ரம் அது, காலில்.

மிஸ்டர் ரொசாரியோ அவர் அருகில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் மேசையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“வலிக்கவே இல்லையா?”

“இல்ல சார்.”

“நாளைக்கே டாக்டரிடம் போங்கள். ஆணிக்காக இல்லை. வலிக்கவில்லை என்பதைச் சொல்வதற்காக. என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது.”

பிறகு கவுண்டருக்குள் வந்து, ரெஃப்ரி புட்டியில் சீனி எவ்வளவு என்று என்னைக் கேட்டார். ஒரு புட்டிக்கு முக்கால் கட்டி என்றேன். கட்டி என்பது எங்கள் கணக்கில் ஒன்றேகால் ராத்தலுக்கு மேல், சுமார் அறுநூறு கிராம். அவர் புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தார். அது கெட்டியாக, மெதுவாக இறங்கியது. முழுதும் இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சுத்தமான கிளாஸை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அண்ணன் டாக்டரிடம் போகவில்லை. போனால் கட்டுப்போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள், ஃபைனல் போய்விடும். புதன்கிழமை அவரைப் பார்க்கத் துறைமுகத்துக்கே போனேன்.

“போய்ட்டு வந்துட்டீங்களா அண்ணே?”

“ஞாயித்துக்கிழமை போறேன்.”

“கால் வீங்கியிருக்கே.”

“வலிக்கல சாமி. வலிக்காத காலுக்கு என்ன அவசரம்? சனிக்கிழமை விசில் அடிச்சு முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை அந்த டாக்டருகிட்ட ரெண்டு காலையும் குடுத்துர்றேன், வச்சுக்கிறட்டும்.”

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

இறுதியாட்டத்தை நான் பார்க்கவில்லை, வேலை நேரம். கூட்டத்தின் சத்தம் மட்டும் எங்கள் சன்னல்வரை வந்தது. ஒரு கோல் வித்தியாசம், ஒரு சச்சரவும் இல்லை என்றார்கள். கூட்டத்தோடு உள்ளே வந்த அண்ணனின் முகம் காய்ச்சலில் மினுமினுத்தது. இரண்டு தலைவர்களும் இரண்டு கிளாஸ் சொன்னார்கள். அன்று நான் கலக்கவில்லை. மிஸ்டர் ரொசாரியோ சீனி போடாத தேநீரை ஆறவைத்து, ஐஸும் சோடாவும் விட்டு, எலுமிச்சையைப் பிழிந்து தோலோடு போட்டு, தாமே கொண்டுபோய் வைத்தார். நிறம் அப்படியே ரம்-கோலா. ஒரு பிடி தேயிலை. பதினேழு மாதமாக அடுக்களையில் என் தலைக்குமேல் அலமாரியில் இருந்தது.

அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத் தேடினார். “என்னலா சாமி, இன்னைக்குப் போய் கசக்குது?”

ஆனாலும் இரண்டையும் குடித்து முடித்தார். ஆட்டம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை நான் போனபோது வார்டுக்கு வெளியே லோகநாயகி அக்கா பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் ஒரு இளம் டாக்டர், தமிழர், குறிப்பெழுதிக்கொண்டு நின்றார்.

“தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. இவரு தினமும் என்ன குடிச்சாருன்னு டாக்டர் கேக்குறாரு. நீங்களே சொல்லுங்க.”

“கோலா. அப்புறம் இஞ்சி, கிராம்பு, கருக்குன சீனித்தண்ணி.”

“எத்தனை கிளாஸ்?” என்றார் டாக்டர்.

“முதல்ல ரெண்டு. பின்னாடி நாலு, அஞ்சு.”

“ரம்?”

“ஒரு சொட்டு இல்ல டாக்டர்” என்று அக்கா முந்திக்கொண்டார். “பதினேழு மாசமா என் புருஷன் ஒரு சொட்டுத் தொடல. இந்தத் தம்பி காப்பாத்திக் குடுத்தாரு.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவின் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை, அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. தாழ்வாரத்தின் கோடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். சர்க்கரை வியாதி அவர் உடம்பில் பல வருஷமாகவே இருந்திருக்கும், யாரும் சோதிக்கவில்லை. கால் நரம்பு மரத்துப்போக அத்தனை வருஷம் ஆகும். இந்தப் பானம் அதை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

“என் பங்கு எவ்வளவு டாக்டர்?” என்று கேட்டேன்.

“அப்படியெல்லாம் கணக்குப் பிரிக்க முடியாதுங்க.”

நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எழுபத்துமூன்று வாரம், வாரத்துக்கு ஒன்பது கிளாஸ் என்று குறைத்துப் போட்டாலும் அறுநூற்றைம்பதுக்கு மேல். ஒரு கிளாஸில் எத்தனை கரண்டி சீனி என்றும் தெரியும். பெருக்கினால் ஒரு தொகை வருகிறது. அதில் எத்தனை கரண்டி காலுக்குப் போனது என்று மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஓய்வுபெற்று இத்தனை ஆண்டு ஆகியும், பஸ்ஸில் உட்கார்ந்தால் மனம் அந்தக் கணக்குக்குத்தான் போகிறது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். லோகநாயகி அக்காவுக்கு யாரும் முழுதாக விளக்கவில்லை. ஆணி செய்த வேலை என்றே கடைசிவரை நம்பினார். அடுத்த தீபாவளிக்கும் எனக்கு அதிரசம் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன், தின்ன முடியவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டைக்கோலோடு எழுந்து நின்றபோது அண்ணன் என்னிடம் ஒன்று கேட்டார்.

“சாமி, சனிக்கிழமை திடலுக்குப் போகணும். ஓரமா நின்னு பாக்குறேன். பழைய சப்பாத்து பிஞ்சுபோச்சு. நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா. இடது கால், சைசு ஒன்பது.”

சிராங்கூன் சாலையில் ஏறி இறங்கினேன். மூன்று கடையில் சிரித்தார்கள். நான்காவது கடைக்காரர் மரைக்காயர், வயதானவர். அவர் சிரிக்கவில்லை.

“ஒத்தக் கால் எப்படி வாப்பா விக்கிறது? மத்ததை நான் யாருகிட்ட விக்க? பெட்டியோட எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இடது சப்பாத்தை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி, தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். வலது சப்பாத்து பெட்டியிலேயே காகிதத்துக்குள் கிடந்தது.

“பக்கத்துக் கட்டில் சீனக் கிழவருக்கு இடது கால் இல்ல. அவருகிட்டக் கேட்டேன். சைசு ஏழாம்” என்றார்.

பெட்டியை மூடி என்னிடம் நீட்டினார். “எவ்வளவுலா ஆச்சு?”

“ஆறு வெள்ளி இருபத்தஞ்சு காசு” என்றேன். நான் கொடுத்தது பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு.